உறைகுளிரிற் படம் பிடிப்போர் கையுறை

1950ஆம் ஆண்டு யூன் மாதம் 3ஆம் நாள், இமயமலைத் தொடரைச் சேர்ந்த அன்னபூர்ணாச் சிகரத்தின் உச்சியிற் பிரெஞ்சுக்காரர் இருவர் நின்றுகொண்டிருந்தனர். ஒருவர் மொரிஸ் ஏர்சொக். மற்றவர் லூயி லஷ்னால். 8,091 மீற்றர் உயரமான அந்தச் சிகரத்தில் அதற்கு முன்னர் மனிதர் எவரும் காலடி வைத்ததில்லை. 8,000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரம் எதனையும் அன்றுவரை எவரும் ஏறி முடித்ததுமில்லை. ஏர்சொக் கொடியைப் பிடித்து நிற்க, லஷ்னால் அவரைப் படம் பிடித்தார். பின்னர் இருவரும் இறங்கத் தொடங்கினர். வழியில் ஏர்சொக் முதுகுப்பையைத் திறக்க விரும்பி நின்றார். அதன்பொருட்டுக் கையுறைகளைக் கழற்றினார். கழற்றிய கையுறைகள் பனிச்சரிவிலே வழுக்கிச் சென்றன. அவை போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதன்றி அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அவருடைய பையினுள் மேலதிகமாகக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கைகளில் மாட்டியிருந்தால் விரல்கள் ஓரளவு தப்பியிருக்கும். உயரமும் களைப்பும் மயக்கிய மூளைக்கு அந்த எண்ணம் தோன்றவேயில்லை. வெறுங்கையோடு இறங்கிய ஏர்சொக் கால்விரல்கள் அனைத்தையும் கைவிரல்களிற் பெரும்பாலானவற்றையும் இழந்தார். அன்னபூர்ணாவைப் பற்றிய தமது நூலை அவர் கையால் எழுதவில்லை. வைத்தியசாலையிலிருந்தவாறு வாயாற் சொல்லியே எழுதுவித்தார்.

உறைகுளிரில் மனிதர் கையுறையைக் கழற்றுவது பெரும்பாலும் இத்தகைய சின்னஞ்சிறு வேலை ஒன்றுக்காகவே: ஒரு பையைத் திறத்தல், ஒரு திருகைத் திருப்புதல், ஒரு படச்சுருளை மாற்றுதல். அவ்வேலைகள் மிகுதியாக உடையவர் கமராவோடு செல்பவர். மலையேறுபவன் கைக்கு வேண்டுவது கோடரியின் பிடி ஒன்றே. பனிவண்டி இழுப்பவனுக்குக் கயிறு ஒன்றே. படம் பிடிப்பவனோ நுண்ணிய விசைகளைத் தொட்டுணர்ந்து இயக்கவேண்டியவன். அதுமட்டுமன்று, ஒளிக்காகவும் விலங்குக்காகவும் ஒரே இடத்தில் அசையாது காத்திருக்கவேண்டியவன். நடப்பவனுக்கு உடலிற் சூடு பிறக்கும். காத்திருப்பவனுக்கு அதுவும் இல்லை. தடித்த உறையை அணிந்தால் விசை தெரியாது. மெல்லிய உறையை அணிந்தால் விரல் நிலைக்காது. கையுறை தெரிதல் என்பது இந்த வழக்கைத் தீர்க்கும் முயற்சியேயாகும்.

நுவரெலியாவில் தை மாத விடியற்காலையிற் புல்லின்மேற் படியும் உறைபனியைக் கண்டவர்களுக்கும், பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை, 30 பாகை என்னும் குளிர் எத்தகையது என்பதை மனத்திற் கொள்வது எளிதன்று. ஆயினும் இன்று ஈழத்தவர் பலர் கனடாவிலும் நோர்வேயிலும் குடியேறி வாழ்கின்றனர். அங்கிருந்து வரும் பனிப் படங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கை குளிரிலே வெளிப்பட்டிருக்கிறது. ஆதலின் இவ்விடயம் இலங்கை நேயர்களுக்கு முற்றும் அயலானதன்று.

முதலில் விரலின் இயல்பை நோக்குவோம். விரல்களை மடக்கி நீட்டும் தசைகளிற் பெரும்பகுதி விரலில் இல்லை; முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட முன்கையிலேயே உள்ளது. விரலுக்குள் இருப்பவை எலும்பும், தசைநாணும், நரம்பும், இரத்தக் குழாய்களுமே. எனவே விரல் தன் சூட்டைத் தானே உண்டாக்குவது மிகச் சொற்பம். இரத்தம் கொண்டுவந்து தரும் சூட்டை நம்பியே அது வாழ்கிறது. உடல் குளிரத் தொடங்கியதும் அந்த வரவும் குறைகிறது. இருதயம், மூளை முதலிய உயிர்நிலைகளைக் காக்கும்பொருட்டு உடம்பு கைகால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. பஞ்ச காலத்திலே தலைநகரின் களஞ்சியத்தைக் காப்பதற்காக எல்லைக் கிராமங்களுக்குப் போகும் நெல்வண்டிகளை நிறுத்திவிடுவது போன்ற செயல் இது. தலைநகர் பிழைக்கும், எல்லைக் கிராமம் அழியும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். கை குளிர்கிறதென்று முறையிடுபவர் முதலிற் கவனிக்கவேண்டியது கையுறையை அன்று. தொப்பியையும், கழுத்துச் சால்வையையும், மேலங்கியையுமே. உடல் சூடாயிருந்தால் நெல்வண்டிகள் தாமாகவே எல்லைக்குப் போகும். அடுத்துக் கவனிக்கவேண்டிய இடம் மணிக்கட்டு. அங்கே இரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அண்மையில் ஓடுகின்றன. கையுறையின் விளிம்புக்கும் அங்கியின் கைக்கும் இடையே இரண்டு விரற்கடை தோல் வெளித்தெரிந்தால், உள்ளே எவ்வளவு உயர்ந்த உரோமம் இருந்தும் பயனில்லை. ஆதலின் மணிக்கட்டைக் கடந்து அங்கியின் கைக்கு மேலாகவோ உள்ளாகவோ செல்லும் நீண்ட விளிம்புடைய உறையே கொள்ளத்தக்கது. விலைகொடுத்து வாங்குவோர் இதனைப் பெரும்பாலும் நோக்குவதில்லை.

இனி, விரல் முழுவதும் உறைவதற்கு முன்பே அதன் திறமை போய்விடுகிறது. தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் நுண்ணிய வேலைகளிற் கை தடுமாறத் தொடங்குகிறது. 8 பாகையை அண்மியதும் தொடுவுணர்ச்சியே மங்கிவிடுகிறது. பனிக்கடியோ அதற்குப் பின் வருவது. தோலும் அதன்கீழுள்ள தசையும் உண்மையாகவே உறைந்து கெடும் நிலையைத்தான் பனிக்கடி என்கின்றோம். நோவு நின்றுவிட்டதே என்று மகிழ்பவன் ஆபத்தின் வாயிலில் நிற்கிறான். நோவு நின்றது விரல் சூடேறியதால் அன்று, நரம்பு உணர்விழந்ததாலேயே.

குளிரோடு உலோகமும் சேரும்போது இடர் இருமடங்காகின்றது. கப்டன் ஸ்கொட் தலைமையில் 1910ஆம் ஆண்டு புறப்பட்ட அந்தாட்டிக்கப் பயணத்திற் படப்பிடிப்பாளராகச் சென்றவர் ஹேர்பட் பொன்டிங். பனிக்கட்டிக் குகையின் வாயிலூடாகக் கப்பலைக் காட்டும் அவருடைய படம் உலகம் முழுவதும் புகழ் பெற்றது. 1921ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் ஓர் அனுபவத்தைக் கூறுகிறார். கமராவைச் சரிசெய்துகொண்டிருக்கையில், உதட்டை நனைப்பதற்காக நாவை நீட்டினார். நாவின் நுனி கமராவின் உலோகப் பகுதியிற் பட்டது. பட்ட கணத்திலேயே அது ஒட்டி உறைந்துவிட்டது. அவர் தலையைப் பின்னுக்கு இழுத்து விடுவித்தபோது நாவின் தோல் கமராவிலேயே தங்கிவிட்டது; பெருகிய இரத்தத்தைக் கைக்குட்டையால் அடக்கவேண்டியதாயிற்று. நாவுக்கு நேர்ந்தது ஈரமான விரலுக்கும் நேரும். உலோகம் தோலின் சூட்டை விரைந்து உறிஞ்சுகிறது. தோலின் ஈரம் அக்கணமே பனிக்கட்டியாகிப் பசைபோலப் பிடித்துக்கொள்கிறது. அதே குளிரிலுள்ள மரத்தைத் தொட்டால் இவ்வாறு நிகழ்வதில்லை. மரம் சூட்டை மெல்லவே கடத்தும்.

ஆதலின் படம் பிடிப்பவனுக்கு முதல் விதி ஒன்று உண்டு. எந்நிலையிலும் வெறுந்தோல் உலோகத்திற் படலாகாது. மிகமெல்லிய பட்டுறை ஒன்று இடையில் இருந்தாலும் போதும், விரல் ஒட்டிக்கொள்ளாது. கமராவைத் தாங்கும் முக்காலியின் கால்களிலே தோலையோ, துணியையோ, பஞ்சுபோன்ற நுரைப்பொருளையோ சுற்றி வைப்பதும் இதனாலேயே. ஓர் அலுமினிய முக்காலியைத் தோளிற் சுமந்து செல்பவன் கையுறைக்கு எவ்வளவு செலவு செய்தும் வீணே.

கையுறைகள் இருவகைப்படும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அறை உடையது ஒன்று. பெருவிரலுக்கு ஓர் அறையும் ஏனைய நான்கு விரல்களுக்கும் பொதுவாக ஓர் அறையும் உடையது மற்றையது. இதனை மேலைநாட்டார் ‘மிற்றன்’ என்பர். இவற்றுள் மிற்றனே சூடுமிக்கது. நான்கு விரல்களும் ஒரே பாயிற் படுத்த பிள்ளைகள்போல ஒன்றன் சூட்டை மற்றொன்று பெறுகின்றன. வெளிக்காற்றுப் படும் பரப்பும் குறைகிறது. தனியறைக் கையுறைக்கு இன்னுமொரு குறையும் உண்டு. விரல் ஒரு மெல்லிய உருளை. அதனைச் சுற்றித் துணியைத் தடிப்பாக்கிக்கொண்டே போனால், சூட்டைக் காக்கும் படை தடிக்கும். ஆனால் சூட்டை இழக்கும் வெளிப்பரப்பும் கூடவே பெருகும். ஓரளவுக்குமேல் தடிப்பாக்குவதனாற் கிடைக்கும் நன்மை மிகச் சிறிது. எனவே கடுங்குளிருக்கென்று கடைகளில் விற்கும் தடித்த விரற்கையுறைகள் பல, சூட்டையும் முழுமையாகத் தருவதில்லை, விசையைத் தொடவும் விடுவதில்லை. இரண்டுங்கெட்டான் பொருள் என்றே அவற்றைச் சொல்லவேண்டும்.

அப்படியானால் மிற்றனை அணிந்துகொண்டு கமராவை இயக்குவது எப்படி? ஒரே உறையால் இரண்டு வேலையையும் செய்விக்க முயல்வதே தவறு. குளிர்நாட்டாரும் மலையேறுவோரும் நெடுங்காலப் பட்டறிவாற் கண்ட வழி, உறைமேல் உறையாக அணிவது. 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் எவரெஸ்ட் உச்சிக்குப் புறப்பட்ட ஹிலறியும் தென்சிங்கும் மூன்று சோடி உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தனர். உள்ளே பட்டு, அதற்குமேற் கம்பளி, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத உறை. உச்சியிலே தென்சிங் கொடிகள் கட்டிய கோடரியை உயர்த்தி நிற்க, ஹிலறி அவரைப் படம் பிடித்தார். கமராவை அவர் சட்டைக்குள்ளே உடம்போடு அணைத்துச் சூடாக வைத்திருந்தார். படம் எடுப்பதற்காக ஒட்சிசன் கருவியைக் கழற்றியிருந்த அவர், பத்து நிமிடமளவில் விரல்கள் தடுமாறுவதையும் அசைவு மந்தமாவதையும் உணர்ந்து, உடனே அதனை மீண்டும் அணிந்துகொண்டார். தடுமாற்றத்தைத் தக்க சமயத்திற் கண்டுகொண்டமை பாராட்டத்தக்கது. ஏர்சொக்குக்கு அந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை.

மூன்று படைகளுக்கும் மூன்று தொழில்கள். உள்ளுறை விரலோடு ஒட்டிய மெல்லிய தனியறைக் கையுறையாக இருக்கவேண்டும். விசையை அழுத்தும் அந்தச் சில கணங்களில் வெளியே வருவது இதுவே. பட்டு, மெல்லிய கம்பளி, அல்லது இக்காலத்துச் செயற்கை நூல் இதற்கு ஏற்றவை. பருத்தி ஏலாது. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னுள்ளே வைத்துக்கொள்ளும். ஈரப் பருத்தி குளிரில் விரலுக்குப் பகை. நடுவுறை காற்றைத் தன்னுள்ளே சிறைப்படுத்தி வைப்பதற்கு. சூட்டைக் காப்பது உண்மையிற் கம்பளியன்று, அதன் இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே. கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு காக்கும் என்பது அதன் தனிச்சிறப்பு. பின்னிய கம்பளியை வெந்நீரில் இட்டுச் சுருக்கி, நெருக்கமான தடித்த துணியாக்கிச் செய்யும் மிற்றன்கள் ஐரோப்பிய மலைநாட்டாரிடையே பெரிதும் வழங்கின. வாத்தின் மென்தூவி அடைத்தவை அவற்றிலும் சூடுடையவை. ஆனால் நனைந்தால் தூவி கட்டிபட்டுப் பயனற்றதாகிவிடும்.

வெளியுறையின் தொழில் காற்றைத் தடுப்பது. இதனை ஏனோதானோவென்று எண்ணலாகாது. அந்தாட்டிக்காவிற் செய்த சோதனைகளைக்கொண்டு, காற்று வீசும் வேகத்துக்கேற்ப உடம்பு சூட்டை இழப்பது எவ்வாறு பெருகுகிறதென்பதை சைப்பிள், பாசெல் என்னும் அமெரிக்கர் இருவர் 1945ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காற்றில்லாத குளிரிலே நெடுநேரம் தாங்கும் கம்பளி, காற்று வீசத் தொடங்கியதும் வலைபோலாகிவிடும். இழைகளுக்கிடையே சிறைப்பட்டிருந்த சூடான காற்றெல்லாம் அடித்துச் செல்லப்படும். நெருக்கமாக நெய்த துணியோ, தோலோ வெளியே இருந்தால் உள்ளேயுள்ள கம்பளி தன் வேலையைச் செய்யும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறுக்கமான கையுறை அழகாகத் தோன்றலாம். ஆனால் அது காற்றையும் நசுக்கும், இரத்த ஓட்டத்தையும் நசுக்கும். மிற்றனுக்குள்ளே உள்ளுறை அணிந்த கையை முழுவதும் முட்டியாக மடக்க இடமிருக்கவேண்டும். விரல்கள் மிகக் குளிர்ந்தபோது அவ்வாறு முட்டியாக்கிக்கொள்வதே உடனடிப் பரிகாரம். முழு அளவுறையையும் ஒருமித்து அணிந்து பாராமல் வெளியுறையைத் தனியே வாங்குவோர் பின்னர் வருந்துவர்.

உறையைக் கழற்றும் கணந்தான் ஆபத்தான கணம் என்று முன்னர்க் கண்டோம். 1911ஆம் ஆண்டு நடுக்குளிர் காலத்தில், ஸ்கொட்டின் கூட்டத்தைச் சேர்ந்த மூவர் பென்குயின் முட்டைகளைத் தேடி இருளிற் புறப்பட்டனர். அவர்களுள் இளையவரான செறி கறாட், பனிவண்டிகளை மேலே ஏற்றும் கயிற்றை இழுப்பதற்காகக் கைகளை மிற்றனிலிருந்து வெளியே எடுத்தார். அப்போது குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 44 பாகை அளவில் இருந்தது. பத்து விரல்களும் பனிக்கடிக்கு உள்ளாயின. சில மணி நேரத்துள் விரல்தோறும் பெரிய கொப்புளங்கள் எழுந்தன. அவற்றினுள் இருந்த நீரும் பின்னர் உறைந்தது. கயிறு இழுப்பதற்கு மிற்றனைக் கழற்றவேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதை அவரே பின்னாளில் நொந்து எழுதினார்.

அக்காலத்து அந்தாட்டிக்கப் பயணிகள் வெளி மிற்றன்களை விளக்குத் திரியாலான நாடாவிற் கட்டிக் கழுத்திலே தொங்கவிட்டிருந்தனர். கையை வெளியே எடுத்தால் மிற்றன் மார்பருகே தொங்கும். காற்றும் கொண்டுபோகாது, சரிவும் கொண்டுபோகாது. சிறுபிள்ளைகளுக்குச் செய்வதுபோன்ற ஏற்பாடென்று இதனை நகைப்பவர் உண்டு. அன்னபூர்ணாவின் சரிவில் ஏர்சொக்கின் கையுறைகளில் ஒரு நாடா இருந்திருந்தால்? இன்று விற்கப்படும் நல்ல மிற்றன்கள் பலவற்றில் மணிக்கட்டிலே மாட்டும் நாடா உண்டு. அது இல்லாத மிற்றனை வாங்கினால் வீட்டிலேயே ஒரு நாடாவைத் தைத்துவிடலாம். அன்றியும், மேலதிக மிற்றன் ஒரு சோடியைப் பையின் அடியில் அன்று, கை எட்டும் இடத்தில் வைத்திருத்தல் வேண்டும்.

இக்காலத்திற் புதிய சாதனங்கள் சில வந்துள்ளன. விரல்நுனிப் பக்கம் மூடிபோலத் திறந்து புறங்கையோடு மடிந்து நிற்கும் மிற்றன் படம் பிடிப்போர்க்கு மிகவும் ஏற்றது. ஆனால் மூடி சேருமிடத்தாற் காற்றுப் புகும் ஆதலின், கடுங்காற்றில் அதற்குமேல் வேறோர் உறை வேண்டியிருக்கும். இரும்புத்தூள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து துருவேறும்போது பிறக்கும் சூட்டைத் தரும் சிறு பொட்டலங்களும் உண்டு. அவற்றை உள்ளங்கையில் வைப்பதிலும் புறங்கையிலோ மணிக்கட்டிலோ வைப்பது கமரா பிடிப்போர்க்கு வசதி. மின்கலத்தாற் சூடேறும் கையுறைகள் நல்லவையே. ஆயினும் மின்கலம் தீர்ந்தபின் அவை வெறும் கையுறைகளே என்பதை மறக்கலாகாது. குளிரில் மின்கலங்கள் விரைவில் வலுவிழப்பவை. கமராவின் மின்கலமும் அவ்வாறே. ஆதலின் மேலதிக மின்கலத்தை உட்சட்டைப் பையில் வைப்பர்.

விரலை வெளியே எடுக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டால் பாதி வெற்றி கிடைத்துவிடும். ஒளி அளவு, தூர அளவு முதலியவற்றை வீட்டினுள்ளேயே பொருத்திவிட்டு வெளியே செல்லலாம். முழுக் கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு, விசைகளைத் தேடிப் பழகலாம். சூடான அறையிலே தேடிக் காணமுடியாத விசையைப் பனிக்காற்றிலே காணமுடியாது. பொன்டிங் தமது கருவிகளிலிருந்த எண்ணெயை நீக்கிவிட்டுக் காரீயத் தூளை இட்டார். எண்ணெய் குளிரில் உறைந்து பொறிகளை இறுக்கிவிடும். பென்சிலினுள்ளே இருப்பதும், இலங்கையின் போகலைச் சுரங்கத்திலிருந்து எடுக்கப்படுவதும் இக்காரீயமே. பொறி இலகுவாகச் சுழன்றால் தடித்த உறையணிந்த கைக்கும் அது இணங்கும்.

இவ்வளவு செய்தும் விரல் வெளிறி, மெழுகுபோலாகி, உணர்விழந்தால் என்செய்வது? முற்காலத்திற் பனியை வைத்துத் தேய்க்கும்படி சொல்வார்கள். ஏர்சொக்கையும் லஷ்னாலையும் முகாமில் ஏற்றுக்கொண்ட நண்பர்கள், இரத்தம் ஓடவேண்டுமென்று இரவு முழுவதும் அவர்களுடைய கைகால்களைக் கயிற்று நுனியால் அடித்தனர். அன்பினாற் செய்த செயல். ஆனால் உறைந்த தசையைத் தேய்ப்பதும் அடிப்பதும் அதனை மேலும் சிதைக்கும் என்பதை இன்றைய வைத்தியம் அறியும். இலேசான பாதிப்பாயின் விரலை அக்குளிலோ, துணைவரின் உடம்போடோ வைத்துச் சூடாக்கலாம். ஆழமாக உறைந்திருப்பின், வைத்தியரிடம் செல்லும் வழி திறந்திருக்கும்போது, 37 முதல் 39 பாகை வரையுள்ள இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்துவதே முறை. நெருப்பருகே காட்டுதல் ஆகாது. உணர்விழந்த விரல் வேகுவதைத் தானே அறியாது. மீண்டும் உறையக்கூடிய இடமாயின் இளக்காமலே விடுவது நல்லது. ஒருமுறை இளகி மறுமுறை உறைந்த விரல் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பொன்டிங்கிடம் படம் பிடிக்கப் பயின்றவர்களுள் பவர்ஸ் என்பவரும் ஒருவர். 1912ஆம் ஆண்டு சனவரியில் ஸ்கொட்டோடு தென்துருவத்தை அடைந்த ஐவருள் அவரும் இருந்தார். தமக்கு முன்னரே நோர்வே நாட்டவர் அங்கு வந்து சென்றுவிட்டதை அறிந்து மனமுடைந்த நிலையில், பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகை அளவான குளிரில் அவர்கள் தம்மைத் தாமே படம் பிடித்துக்கொண்டனர். கமராவின் விசையிற் கட்டிய நூலை அமர்ந்திருந்தபடியே பவர்ஸ் இழுத்தார். நூலை இழுப்பதற்கு மிற்றனைக் கழற்றவேண்டியதில்லை. திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். அவ்வாண்டு நவம்பரிலே தேடிச் சென்றோர் அவர்களுடைய கூடாரத்திலிருந்து படச்சுருளை மீட்டனர். ஏறக்குறைய எட்டு மாதம் பனியிற் கிடந்தும் அது கெடவில்லை. கழுவி எடுத்தபோது ஐவரின் முகங்களும் தெளிவாகத் தோன்றின. பவர்சின் கையிலிருந்து கமராவை நோக்கி வரும் நூலும் அப்படத்திலே தெரிகிறது.